சேலம் – தூத்துக்குடி வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்: நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

கரூரில் போர்வை, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் தூத்துக்குடி அடிக்கடி போய்வர வேண்டிய ஊர். கன்டெய்னர் ஏறுவது வ.உ.சி. துறைமுகத்தில். சேலத்துக்கு ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது, தூத்துக்குடிக்கு வாகைக்குளத்தில் ஒன்று. அப்புறம் எதற்கு ஏழு மணி நேரம் காரில் உட்கார வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

இணையத்தில் தேடினால் பதில் உடனே வரும்: தூரம் 340 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 55 நிமிடம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே வழக்கமான நேரடி விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் எங்கிருந்து வந்தது? 340-ஐ மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, மேலே ஏற இறங்க என்று அரை மணி கூட்டிப் பாருங்கள். 55 வந்துவிடும். இந்த மாதிரித் தளங்களில் பெரும்பாலானவை எல்லா ஊர்களுக்கும் இந்த ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. டெல்லிக்கும் மும்பைக்கும் அது ஓரளவு சரியாக வரும். சேலம் மாதிரி சின்ன நிலையத்துக்கு வராது. ஏன் வராது, சரியான கணக்கு எது என்று படிப்படியாகப் பார்க்கலாம். கால்குலேட்டர் உள்ள போன் ஒன்று போதும்.

முதலில் நிலையம் சரிதானா?

விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி, கோவைக்கு சிஜேபி, தூத்துக்குடிக்கு டிசிஆர். திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி. கடைசி மூன்றும் அவசரத்தில் குழப்பிவிடும். ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் சில தளங்கள் ஊரின் மையத்திலிருந்து அளக்கும், சில நிலையத்திலிருந்து அளக்கும். கமலாபுரம் சேலம் டவுனிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். குறியீட்டைப் போட்டே தேடுங்கள்.

இடத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

கூகுள் மேப்பில் ஓடுபாதையின் நடுவே விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசம எண்ணில் வரும். விமானத் துறையிலும் ஒரு நிலையத்தின் இருப்பிடம் என்று ஓடுபாதைப் பக்கம் உள்ள ஒரு புள்ளியைத்தான் குறிப்பார்கள். டெர்மினல் கட்டடத்தை அல்ல. நமக்கு வேண்டியவை:

சேலம்: 11.78 வடக்கு, 78.06 கிழக்கு
தூத்துக்குடி: 8.72 வடக்கு, 78.03 கிழக்கு
கோவை: 11.03 வடக்கு, 77.04 கிழக்கு

சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள இரண்டாவது எண்ணைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது தூத்துக்குடி, சேலத்துக்கு நேர் தெற்கே இருக்கிறது. இது நமக்குப் பெரிய வசதி.

தூரம்

நேர் வடக்கு தெற்காக இருக்கும் ஊர்களுக்குப் பெருக்கல் ஒன்றே போதும். 11.78-இலிருந்து 8.72-ஐக் கழித்தால் 3.06 டிகிரி. நம் பக்கம் ஓர் அட்சரேகை டிகிரிக்கு 110.6 கிலோமீட்டர். பெருக்கினால் 338.

இணையம் 340 என்றதே என்றால், இரண்டுமே சரிதான். பூமியைச் சரியான உருண்டை என்று வைத்தால் டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வரும், மொத்தம் 340. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு டிகிரி 110.6, துருவத்துக்கு அருகே 111.7. ஒரு தளம் 338 என்றும் இன்னொன்று 340 என்றும் சொன்னால் யாரும் தப்புச் செய்யவில்லை. ஒருவர் உருண்டையை எடுத்துக்கொண்டார், மற்றவர் தட்டையானதை எடுத்துக்கொண்டார்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். டிகிரியை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கின் நீளம் ஏறக்குறைய ஒரு கடல் மைல். அந்த அளவு பிறந்ததே அப்படித்தான். ஆகவே 3.06-ஐ 60-ஆல் பெருக்கினால் சுமார் 183 கடல் மைல் என்று நேராகவே வந்துவிடும். கீழே நேரக் கணக்குக்கு இந்த 183 வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர்கள் சாய்வாக இருந்தால்? சேலம் – கோவையை எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்கு வித்தியாசம் 0.75 டிகிரி, 110.6-ஆல் பெருக்கினால் 83 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு வித்தியாசம் 1.02 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிக்கொண்டே போகும், அதனால் இங்கே டிகிரிக்கு 109 கிலோமீட்டர்தான். அது 111 கிலோமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ்தான் மீதி: 83-இன் வர்க்கம் 6,889, 111-இன் வர்க்கம் 12,321, கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 138.6. சுற்றி 139 கிலோமீட்டர். பூமி வளைவாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். இவ்வளவு சின்னத் தூரத்தில் வளைவால் வரும் பிழை ஓடுபாதையின் நீளத்தைவிடக் குறைவு. சேலத்திலிருந்து லண்டனுக்கு என்றால் இந்த வழி உதவாது.

விமானம் நேர்கோட்டில் பறக்காது

338 என்பது கயிறு கட்டி இழுத்த மாதிரி நேர்த்தூரம். விமானம் ஓடுபாதை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கிளம்ப முடியும், அதுவும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். சேலத்து ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காக இருக்கிறது. காற்று வடகிழக்கிலிருந்து அடித்தால், தெற்கே போக வேண்டிய விமானம் வடகிழக்கே கிளம்பிப் பிறகு திரும்ப வேண்டும். அந்தப் பக்கம்தான் சேர்வராயன் மலை. கமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மலையை விட்டு விலகித்தான் திரும்ப முடியும்.

வழியிலும் வான்பாதைகள் உண்டு. மதுரைக்கு வந்துபோகும் விமானங்களுக்கு இடம்விட வேண்டும். இறங்கும்போது இன்னொரு சுற்று. இதற்கெல்லாம் நேர்த்தூரத்தோடு 20, 30 கிலோமீட்டர் கூட்டிக்கொள்வது என் வழக்கம். தூரம் குறையக் குறைய இந்தக் கூடுதல்தான் உறுத்தும். 139 கிலோமீட்டர் கோவைப் பயணத்தில் 30 என்பது ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சேலத்திலிருந்து தெற்கே 78 டிகிரி தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வரிசையாக வரும். நாம் காரில் போகும் வழியும் அதேதான். அதனால்தான் சாலைத்தூரம் நிலையத்துக்கு நிலையம் 400 கிலோமீட்டரை ஒட்டியே நிற்கிறது, நேர்த்தூரத்தைப் போல் 1.2 மடங்கு. நடுவே மலையோ கடலோ இருந்து சாலை சுற்றிக்கொண்டு போகும் ஊர்களுக்குத்தான் விமானத்தால் பெரிய லாபம். இங்கே சாலையே விமானம் மாதிரி நேராகப் போகிறது. இதை மனதில் வையுங்கள், கடைசிக் கணக்கில் திரும்ப வரும்.

எந்த விமானம் என்று ஓடுபாதையைக் கேளுங்கள்

55 நிமிடம் என்ற விடை கவிழ்வது இந்த இடத்தில்தான். சேலத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். ஏ320 மாதிரி ஜெட் விமானம் முழு எடையோடு கிளம்ப 2,000 மீட்டருக்கு மேலே வேண்டும். அதனால் சேலத்துக்கு வருவது ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுழலும், 70, 80 பேர் உட்காரும் விமானம். அதற்கு 1,300 மீட்டர் சொச்சம் போதும். தூத்துக்குடியின் ஓடுபாதையும் முன்பு 1,350 மீட்டர்தான். இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது டெர்மினலையும் திறந்துவிட்டார்கள். அங்கே ஜெட் இறங்கலாம். ஆனால் இரண்டு முனையில் எது சின்னதோ அதுதான் விமானத்தை முடிவு செய்யும். இங்கே சேலம் சின்னது.

ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஏடிஆர் நேராகப் பறக்கும்போது 500, கடல் மைலில் 270. அதுவும் மேலே ஏறி முடித்த பிறகுதான்.

நேரத்தைத் துண்டு துண்டாக

இந்தத் தூரத்துக்கு ஏடிஆர் 16,000 அடி வரை ஏறும் என்று வைப்போம். ஏற ஏற காற்று மெலியும், ஏறும் வேகமும் குறையும். 15 நிமிடம் பிடிக்கும். அதற்குள் 45 கடல் மைல் ஓடியிருக்கும்.

இறங்குவதற்கு விமானிகளிடம் ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 16,000 அடிக்கு 48 கடல் மைல். ஆக, வாகைக்குளத்துக்கு 90 கிலோமீட்டர் முன்பே, அருப்புக்கோட்டையைத் தொடும்போதே இறக்கம் ஆரம்பித்துவிடும். இதற்கு 13 நிமிடம்.

183-இல் ஏற்றத்துக்கு 45, இறக்கத்துக்கு 48 போனால் நடுவே 90 மீதி. அதை 270 வேகத்தில் கடக்க 20 நிமிடம். மூன்றையும் கூட்டினால் 48. மேலே சொன்ன சுற்றல், திரும்பல், ஓடுபாதைக்கு நேராக வந்து வேகம் குறைப்பது எல்லாவற்றுக்கும் ஏழு எட்டு நிமிடம். காற்றில் இருக்கும் நேரம் 55 நிமிடத்தை ஒட்டி வரும்.

அடடா, இணையம் சொன்ன அதே 55 அல்லவா! எண் ஒன்றாக வந்தது தற்செயல்; ஆனால் அது டிக்கெட்டில் அச்சாகும் நேரம் இல்லை. டிக்கெட்டில் போடுவது, நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்ந்தது முதல் அந்தப் பக்கம் போய் நிற்பது வரை. ஓடுபாதை முனைக்குப் போக, வரிசையில் நிற்க, இறங்கியபின் ஓடி வந்து நிற்க என்று பத்து நிமிடம். அதற்கு மேலே கம்பெனிகள் தாமதத்துக்கு ஈடாகப் பத்து நிமிடம் சேர்த்தே அட்டவணை போடும். "பத்து நிமிடம் முன்னாடியே வந்துட்டோம்" என்று விமானத்தில் பெருமையாக அறிவிப்பது இந்த வரவில்தான். ஆக, சேலம் – தூத்துக்குடி நேரடி விமானம் வந்தால் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்.

சுருக்க வாய்ப்பாடும் சரிபார்ப்பும்

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு பிரிக்க வேண்டியதில்லை. ஏடிஆர் என்றால் கிலோமீட்டரை 500-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கி, அதோடு 35 நிமிடம் கூட்டுங்கள். 338-க்கு 41, 35 சேர்த்தால் 76. அதே ஒன்றேகால் மணி.

வாய்ப்பாடு பொய் சொல்கிறதா என்று ஓடுகிற விமானத்தை வைத்துப் பார்க்கலாம். சென்னை – சேலம் நேர்த்தூரம் 265 கிலோமீட்டர். வாய்ப்பாட்டின்படி 67 நிமிடம். அட்டவணையிலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். சென்னை – தூத்துக்குடி 527 கிலோமீட்டர்; 98 நிமிடம். அங்கே ஏடிஆர் ஓடும் நாளில் ஒன்றரை மணியைத் தாண்டித்தான் போட்டிருப்பார்கள். விமானத்தின் நடமாட்டத்தைக் காட்டும் தளங்களில் உண்மையில் ஏறிய நேரம், இறங்கிய நேரம் இருக்கும். ஒரு வாரத்தைப் பார்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் நம்பலாம்.

கோவை – சேலத்துக்குப் போட்டால் 52 நிமிடம் வருகிறது. அதில் பறந்து முன்னேறும் பங்கு 17 நிமிடம்தான், மீதி எல்லாம் மாறாச் செலவு. ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே இறங்கிவிடலாம். கொங்கு நாட்டுக்குள் பறப்பது என்பது கணக்குக்கு ஒத்துவராத ஆசை. 2016-இல் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் என்ற மத்திய அரசுத் திட்டத்தை அறிவித்தபோது சமவெளி ஊர்களுக்குக் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டர் என்று வைத்ததற்குக் காரணம் இதைவிட வேறு வேண்டியதில்லை.

காற்றைப் பற்றியும் இரண்டு வரி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். தூத்துக்குடி போகும் விமானத்துக்கு அது பக்கக் காற்று. மணிக்கு 30 கடல் மைல் அடித்தால்கூட 270 என்பது 268 ஆகும், அவ்வளவுதான். கோவைப் பக்கம் போகிற விமானத்துக்குத்தான் எதிர்க்காற்று உறைக்கும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும்.

வாசல் முதல் வாசல் வரை

இனி உண்மையான கேள்வி: வீட்டிலிருந்து கிளம்பி தூத்துக்குடியில் வேலை இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? நேரடி விமானம் ஒன்று இருப்பதாகவே வைத்துப் பார்ப்போம்.

சேலம் டவுனிலிருந்து கமலாபுரம் 40 நிமிடம். கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதனால் 80 நிமிடம் முன்பு அங்கே இருக்க வேண்டும். பயணம் 75. பெட்டியை எடுத்து வெளியே வர 20, வாகைக்குளத்திலிருந்து தூத்துக்குடி டவுன் 30. கூட்டினால் நாலு மணி நேரம். காரில் ஆறரை, ஏழு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம், சேலத்துக்காரருக்கு இது நல்ல பேரம்.

ஈரோட்டிலிருந்து? கமலாபுரம் 80 கிலோமீட்டர், ஒன்றரை மணி. மொத்தம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைவு. காரில் கரூர் வழியாக ஆறு மணி. ஒரு மணி நேரம் மிச்சம் பண்ண டிக்கெட் எடுக்கலாமா என்பது உங்கள் பையைப் பொறுத்தது.

கரூரிலிருந்து பார்த்தால் கதையே மாறுகிறது. தெற்கே போக வேண்டிய மனிதர் முதலில் வடக்கே 120 கிலோமீட்டர் போக வேண்டும், இரண்டு மணி நேரம். பிறகு விமானம் ஏறி, சற்று முன் கிளம்பி வந்த கரூரின் தலைக்கு மேலேயே பறப்பார். மொத்தம் ஐந்தரை மணி. வீட்டிலிருந்து நேராகக் காரில் போனால் 280 கிலோமீட்டர், நாலரை ஐந்து மணி. கரூர்க்காரருக்கு நேரடி விமானம் வந்தாலும் உபயோகமில்லை. ஏற்றுமதி வேலையாகத் தூத்துக்குடிக்கு அதிகம் போகிறவர்கள் அவர்கள்தான் என்பதுதான் இதில் வருத்தம்.

சரி, நேரடி விமானம் இல்லாத இன்றைய நிலையில் சென்னை வழியாக மாறிப் போனால்? நேர்த்தூரம் 338-க்குப் பதில் 792 கிலோமீட்டர் பறக்க வேண்டும். சேலம் டவுனிலிருந்து நிலையத்துக்கு 40, காத்திருப்பு 80, சென்னைக்கு 70, அங்கே மாற இரண்டு மணி நேரம், தூத்துக்குடிக்கு 95, வெளியே வர 20, டவுனுக்கு 30. ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது. கார் ஜெயித்துவிட்டது. இரவில் தூங்கிக்கொண்டே போக மைசூரு – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம், கரூர், மதுரை வழியாகத்தான் போகிறது. என்னைக் கேட்டால் தனியாகப் போகிறவர் அதைப் பார்க்கலாம், நாலு பேராகப் போனால் கார்.

விமானம்தான் என்று முடிவு செய்தால்

சின்ன நிலையங்களின் அட்டவணை நிலையில்லாதது. சேலத்தின் வரலாறே சாட்சி: 1993-இல் திறந்தார்கள், விமானம் வந்தது, நின்றது. 2009 வாக்கில் வந்தது, நின்றது. 2018-இல் உடான் திட்டத்தில் வந்தது, 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தது. அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். புது விமானம் வருவதும் பழையது காணாமல் போவதும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே நடக்கும். ஏப்ரலில் போக பிப்ரவரியிலேயே டிக்கெட் எடுத்தவர்கள் மார்ச் கடைசியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தினமும் உண்டா, வாரத்தில் சில நாள்தானா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்னையில் மாறிப் போவதாக இருந்தால் இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கும்படி எடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் சேலத்து விமானம் மழைமூட்டத்தால் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் உங்கள் கணக்கில்தான் போகும்.